நீரஜாவின் சதுரங்கள்

கணக்கு டீச்சராக இருந்த நீரஜா கம்ப்யூட்டர் டீச்சர் ஆனதற்கு ஒரு ஜன்னல்தான் காரணம். மயிலாப்பூரில் அவள் வேலை பார்த்த பெண்கள் கல்லூரிக்கு எண்பதுகளின் கடைசியில் புத்தம்புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. இந்த வகுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று முதல்வர் கேட்டதும், கணிதத் துறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்து மேஜையைப் பார்த்தார்கள். நீரஜா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்திருந்த தலை அவளுடையது ஒன்றுதான். பொறுப்பும் அந்தத் தலையில் விழுந்தது.

முதலில் பயந்தாள். பிறகு பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், முப்பத்தைந்து வயதில், அடையாற்றைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பகுதிநேர பி.எச்டி.க்கு மனுப் போட்டாள். அங்கே அவளுக்குக் கைடாக வாய்த்தவர் டாக்டர் வலியுல்லா. அவளைவிட வயதில் சின்னவர். பச்சை மசியில் எழுதுவார், டீயை சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார். யார் தப்புச் செய்தாலும் குரலை உயர்த்தாமல் "அப்படியா மேடம்?" என்று மட்டும் கேட்பார். அந்த "அப்படியா"வைக் கேட்டால் நீரஜா தன் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி பார்ப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட பிரச்சினையை முதன்முதலில் முழுதாகக் கேட்டவர் வலியுல்லா அல்ல, அவளுடைய கணவர் ஸ்ரீநாத். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். ஸ்ரீநாத்துக்குத் தேனாம்பேட்டையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள், இவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய் நறுக்குவது ஸ்ரீநாத்தின் வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நீரஜாவின் வேலை.

"புஸ்தகத்துக்குக் கடைசியில ஒரு இண்டெக்ஸ் இருக்கோன்னோ? எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு. அது இல்லேன்னா ஒரு வார்த்தையைத் தேட முழுப் புஸ்தகத்தையும் புரட்டணும்."

"சரி."

"அந்த மாதிரி, எழுத்து வரிசையா இல்லாம, கட்டம் கட்டமா இருக்கற ஒண்ணுக்கு இண்டெக்ஸ் போடணும். மேட்ரிக்ஸ். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண்ணு. அதுக்குள்ள நான் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டி, இது எங்கெல்லாம் இருக்குன்னு கேட்டா, முழுசையும் துழாவாம சட்டுனு சொல்லணும்."

ஸ்ரீநாத் பீன்ஸின் நாரை உரித்தபடி யோசித்தார். "வார்த்தைன்னா முதல் எழுத்து, ரெண்டாவது எழுத்துன்னு ஒரு வரிசை இருக்கு. சதுரத்துல எது முதல், எது ரெண்டாவது?"

"அதான்னா விஷயமே!" என்று அவள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். மேல் இடது மூலையில் ஒரு கட்டம். அதுதான் முதல் எழுத்து. அதை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் அணைத்தாற்போல மூன்று கட்டங்கள். அது இரண்டாவது எழுத்து. அதையும் அணைத்து ஐந்து கட்டங்கள். இப்படிச் சதுரம் மூலையிலிருந்து வளர்ந்துகொண்டே போகும். மேட்ரிக்ஸில் எந்தக் கட்டத்தை மூலையாக வைத்துக்கொண்டாலும் அதிலிருந்து இப்படி ஒரு வரிசை கிளம்பும். ஒரே மாதிரி தொடங்குகிற வரிசைகளை ஒரே கிளையில் ஏற்றி, வேறுபடும் இடத்தில் பிரித்துவிட்டால் ஒரு மரம் கிடைக்கும். அந்த மரம்தான் இண்டெக்ஸ்.

"முழங்கையை மடக்கி வெச்ச மாதிரி இருக்கு," என்றார் ஸ்ரீநாத், அந்த மூன்று கட்டத்தையும் ஐந்து கட்டத்தையும் கத்தி முனையால் தொட்டு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு முழங்கை என்றே பெயர். நாளடைவில் வலியுல்லாவும் தன் பச்சை மசியில் "இந்த முழங்கை எங்கே முடிகிறது?" என்று எழுத ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மரத்தோடு மல்லுக்கட்டினாள். காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் 29சி பஸ் பிடித்து அடையாறு. ஒருவழியாக மரத்தை வேகமாகக் கட்ட ஒரு வழி கிடைத்து, அதை எழுதத் தொடங்கியிருந்த வாரம், வலியுல்லா அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் சாஸர் காலியாக இருந்தது. டீ கோப்பையில் ஆறிக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கட்டுரையின் ஜெராக்ஸை அவள் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாருங்க மேடம். நான் முந்தியே பாத்திருக்கணும். ஸாரி."

அங்கேயே நின்றபடி படித்தாள். அதே சதுரம், அதே மூலை, அதே மரம். அவளுடைய வழியைவிடக் கொஞ்சம் நேர்த்தியாகவே கட்டியிருந்தார்கள். படங்களில்கூட முழங்கை அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, எங்க போவணும்?" என்றார் டிரைவர்.

அவளுக்குச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, குந்தும்மா. போய்க்கினே சொல்லு," என்று மீட்டரைப் போட்டார். மத்திய கைலாஸ் வந்த பிறகுதான் அவள் சித்திரக்குளம் என்றாள். 

வீட்டில் ஸ்ரீநாத் ஜெராக்ஸை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்கு ஒரு வரியும் புரியவில்லை. "நன்னா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்ப நன்னா இருக்கு. அதான் அழுகையா வர்றது."

அவர் கீழே போய்த் தேவைக்கு மேல் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார். மனசு சரியில்லாவிட்டால் அவருக்குக் காய்கறி வாங்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர்கள் கத்திரிக்காயே சாப்பிட்டார்கள்.

ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்று நீரஜா முடிவுக்கு வந்துவிட்டாள். வலியுல்லாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. இந்த நிலையில், ஸ்ரீநாத்தின் தங்கை ஹம்சினிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, புடவை எடுக்க தி.நகருக்குப் போகும்படி ஆயிற்று. பனகல் பார்க்குக்குப் பின்னால் செண்பகவல்லி பட்டு மாளிகை என்று ஒரு கடை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து காலூன்றிய குடும்பம். கடையின் பெருமையே, கல்யாணப் பட்டுகளில் ஒரு டிசைனில் ஒரே புடவைதான் நெய்வார்கள் என்பது.

நீரஜா உள்ளே நுழைந்தபோது அந்தப் பெருமைதான் கப்பலேறிக்கொண்டிருந்தது. கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரியம்மா இரண்டு புடவைகளை விரித்துப் போட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் மருமகளுக்கு எடுத்தது. மற்றது, அதே கல்யாணத்துக்கு வந்த நாத்தனார் இதே கடையில் வாங்கிக் கட்டியிருந்தது. நிறம்தான் வேறு. முந்தானையில் இருந்த மயிலும் அதைச் சுற்றிய கொடியும் அச்சு அசலாக ஒன்றே.

கவுண்டருக்குப் பின்னால் கைகட்டி நின்றவர் ஜவஹர். கடை முதலாளியின் மகன். நீரஜா வயதுதான் இருக்கும். கடையில் டிசைன்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, பெரும்பாலானவற்றை வரைவதும் அவர்தான். பெரியம்மாவைச் சமாதானப்படுத்தி அனுப்பிய பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணும்னு செய்யலங்க," என்றார், பக்கத்தில் நின்ற நீரஜாவிடம், யாரென்றுகூடப் பார்க்காமல். "ஆயிரக்கணக்குல டிசைன் இருக்கு. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கோம். ஆனா எது எதுக்குள்ள கெடக்குன்னு யாரு பாக்குறது? வரைஞ்சவனுக்கே ஞாபகம் இருக்காது."

"கம்ப்யூட்டர்லன்னா எப்படி? படமாவா?"

"கட்டம் கட்டமாங்க. நெசவுக்குக் கட்டம்தான கணக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர் நம்பர்."

புடவை எடுக்க வந்தவள் அன்றைக்குப் புடவை எடுக்கவில்லை. மாடியில் ஒரு சின்ன ஏ.சி. அறையில், ஜவஹரின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். திரையில் மாங்காயும் அன்னமும் யாளியும் எண்களாக நின்றன. மேட்ரிக்ஸ். அவளுக்குத் தெரிந்த, இரண்டு வருஷமாக அவள் முகம் பார்த்துப் பழகிய மேட்ரிக்ஸ். ஹம்சினி வந்து தோளைத் தட்டி, "மன்னி, எனக்குக் கல்யாணம்," என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஒரு மாசத்தில், அந்த வெளிநாட்டுக் கட்டுரையின் வழிப்படியே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். தன் வழி எதற்கு, இதுதான் நேர்த்தியானது என்று நினைத்தாள். ஜவஹர் ஒரு டிசைனை வரைந்து முடித்துக் கொடுத்தால், பழைய டிசைன்கள் எவற்றோடு எவ்வளவு பெரிய சதுரம் ஒத்துப்போகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கடையில் அவளுக்கு ராஜ உபசாரம். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஜவஹர் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே அவர் குரலில் சுரத்து குறைந்தது. தயங்கித் தயங்கிப் போனில் சொன்னார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு டிசைன் சேத்தா மொத்த மரத்தையும் திரும்ப முதல்லருந்து கட்டுது. காலையில போட்டா சாப்பாட்டு வேளை வரைக்கும் பெட்டி நகர மாட்டேங்குது. பில்லுகூடப் போட முடியல."

"அது... அப்படித்தான் கட்ட முடியும், ஜவஹர். முழு மேட்ரிக்ஸும் கையில இருந்தாத்தான் வேலை செய்யும்."

"அதாங்க்கா இன்னொண்ணும். நான் ஒரு வாரம் கண்ணு வலிக்க முழுசும் வரைஞ்சு முடிக்கிறேன். அப்புறம் இது ஏற்கெனவே இருக்குன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே சொல்லக் கூடாதா? இந்த வரிசையில வருதுடா, நிறுத்திக்கோன்னு?"

போனை வைத்துவிட்டு நீரஜா அவர் கேட்டதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். மேட்ரிக்ஸ் முழுதாக வந்த பிறகு மரம் கட்டுவது ஒரு கேள்வி. மேட்ரிக்ஸ் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்க, கட்டியதைக் கலைக்காமல் மரமும் கூடவே வளர்வது வேறு கேள்வி. அந்த ஜெராக்ஸில் இந்த இரண்டாவது கேள்வி இல்லை. அவள் பீரோவைத் திறந்து மறுபடி எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். இல்லவே இல்லை.

மறுநாள் வலியுல்லாவின் அறைக்கு அவள் போன வேகத்தைப் பார்த்து, அவர் சாஸரைக் கீழே வைத்துவிட்டார். அவள் சொல்லி முடித்ததும் கேட்டார்: "அப்படியா மேடம்?" முதல் தடவையாக அந்த "அப்படியா"வுக்கு அவள் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண்ணும் சிரித்தது.

புதிய வரிசை ஒன்று அடியில் வந்து சேரும்போது என்ன கஷ்டம்? ஏற்கெனவே அடிவிளிம்புவரை வந்து நின்ற சதுரங்கள் எல்லாம் ஒரு முழங்கை அதிகம் வளரும். மரத்தில் அவற்றின் கிளை முடிகிற இலைகள் அத்தனையையும் தேடிப்போய் நீட்டிக்கொண்டிருந்தால், புதிதாகக் கட்டுவதே தேவலை. நீரஜா ஒரு உபாயம் செய்தாள். இலை எங்கே முடிகிறது என்று எழுதிவைக்காமல், 'வந்திருக்கும் கடைசி வரிசை வரை' என்று திறந்தே விட்டுவிட்டாள். வரிசை கூடக் கூட, யாரும் தொடாமலே இலைகள் தாமாக நீண்டுகொள்ளும். எழுத்து வரிசைகளுக்கு இப்படிச் செய்வது அவள் படித்ததுதான். அதைச் சதுரத்துக்குக் கொண்டுவந்தாள். காகிதத்தில் அழகாக இருந்தது. வலியுல்லாவுக்கும் பிடித்திருந்தது. அந்த உற்சாகத்தில் முழுதாகச் சரிபார்க்குமுன் கடையில் போட்டுக் காட்ட ஓடினாள்.

ஜவஹர் வரைய ஆரம்பித்தார். வரிசை கூடக் கூடத் திரையின் ஓரத்தில் பழைய டிசைனின் எண் தோன்றியது. கடைப் பெண்கள் கைதட்டினார்கள். பிறகு ஒரு மாங்காய் வந்தது. பழைய டிசைன் ஒன்றில் இதே மாங்காய் இருப்பதாகத் திரை காட்டியது. ஜவஹர் அந்தப் பழைய டிசைனைத் திறந்து, அதன் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"அக்கா," என்றார் மெதுவாக, "பாதி மாங்கா புடவைக்கு வெளிய இருக்கு."

உண்மைதான். வலது ஓரத்தில் தொடங்கிய சதுரம் துணி முடிந்த பிறகும், துணியே இல்லாத இடத்தில் வளர்ந்துகொண்டு போயிருந்தது. அடிவிளிம்பில் நிற்கிற சதுரம் நாளைக்கு வளரும், ஏனென்றால் நாளைக்கு வரிசை வரும். வலது ஓரத்தை முட்டிய சதுரம் என்றைக்கும் வளராது, துணி அவ்வளவுதான். நீரஜா இரண்டையும் ஒன்றாக நினைத்து, எல்லா இலையையும் திறந்து விட்டிருந்தாள்.

வலியுல்லா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நானும் பாக்கல. ரெண்டு பேருமே பாக்கல," என்றார். பிறகு பச்சை மசியில் கணக்குப் போட்டார். ஒவ்வொரு வரிசை வரும்போதும் ஓரத்தை முட்டிய இலைகளைத் தேடி மூட வேண்டுமென்றால், வேகமெல்லாம் போய்விடும்.

இதற்கு அப்புறம் வந்த சில வாரங்கள் நீரஜாவுக்கு நல்ல வாரங்கள் அல்ல. கல்லூரியில் பரீட்சைத் தாள்களில் கூட்டலைத் தப்பாகப் போட்டாள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், ஸ்ரீநாத் தண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டார். கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. ஜவஹர் போன் செய்தால், தான் வீட்டில் இல்லை என்று ஸ்ரீநாத்தைச் சொல்லச் சொன்னாள். ஸ்ரீநாத்துக்குப் பொய் வராது. "இருக்கா. ஆனா பேச மாட்டாளாம்," என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீநாத் வாழைப்பூவோடு போராடிக்கொண்டிருந்தார். நீரஜா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிவிளிம்பு, வலது ஓரம், திறந்த இலை, மூடின இலை. அவர் ஒவ்வொரு தடவையும் "ம்" கொட்டினார். நடுவில், பேச்சை ஒப்பேற்றுவதற்காக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்டி நீரு, ஒரே சதுரம் போயிப் போயி எத்தனை தடவைதான் அந்த ஓரத்துல முட்டிக்கும்?"

"என்னன்னா கேக்கறேள்? ஒரு தடவைதான் முட்டும். முட்டினா அதோட நின்னுடும். அப்புறம் எங்கேர்ந்து..."

அவள் நிறுத்திவிட்டாள். ஸ்ரீநாத் தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று நினைத்து வாழைப்பூவைக் கீழே வைத்தார்.

ஒரு மூலை தன் வாழ்நாளில் ஓரத்தைத் தொடுவது ஒரே ஒரு தடவை. அதுவும் எந்த வரிசை வரும்போது தொடும் என்பது, மூலை பிறக்கும்போதே தெரியும். மூலைக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை எண்ணினால் போதும். ஆக, ஓரத்தை முட்டியவற்றைத் தேட வேண்டிய வேலையே இல்லை. எந்த வரிசையில் எவை மூட வேண்டும் என்று அவை பிறக்கும்போதே குறித்துவைத்துவிடலாம். அந்தந்த வரிசை வந்ததும் அவற்றை மட்டும் மூடிவிடலாம். ஒரு வரிசையில் வேலை கூடலாம், குறையலாம். ஆனால் மொத்த வேலை மொத்த மூலைகளைத் தாண்டவே முடியாது.

"நீங்க இன்னொரு தடவை கேளுங்கோ," என்றாள்.

"எதை?"

"இப்பக் கேட்டதை."

கேட்டார். அவள் பதிலை, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, முழுதாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு வாழைப்பூவின் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற விறைத்த நரம்பை எடுக்க ஆரம்பித்தாள். ஸ்ரீநாத்துக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஆனால் அவள் அதுவரை வாழைப்பூவைத் தொட்டதே இல்லை என்பதால், நல்ல விஷயம் என்று மட்டும் புரிந்தது.

வலியுல்லா இந்தத் தடவை அவசரப்படவிடவில்லை. வரிக்கு வரி சரிபார்த்தார்கள். எல்லாம் சேர்ந்து எழுதிய கட்டுரை முதலில் ஓர் இடத்தில் நிராகரிக்கப்பட்டு, இரண்டாவது இடத்தில் ஏற்கப்பட்டது. புரோகிராமும் கடைக்குப் போயிற்று. ஜவஹர் மௌஸை நகர்த்த நகர்த்த மரம் கூடவே வளர்ந்தது. மாங்காய் எதுவும் துணிக்கு வெளியே போகவில்லை. பில் போடுவதும் தடைபடவில்லை.

தை மாச முகூர்த்தங்களுக்காக ஜவஹர் ஒரு டிசைன் தொடங்கினார். யாரும் செய்யாதது, தனக்கே தனக்கென்று மனசுக்குள் பல மாசமாக வைத்திருந்தது. பாதி வரைவதற்குள் திரையில் ஓர் எண் வந்தது. திறந்து பார்த்தால் அவரே சில வருஷங்களுக்கு முன்னால் வரைந்த டிசைன். அழித்துவிட்டு வேறு விதமாகத் தொடங்கினார். இன்னோர் எண். அதுவும் அவருடையதுதான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கீழே வந்து வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டுகிற வேலையைச் செய்ய ஆரம்பித்தார். அவர் வரையவே இல்லை என்பது கடைப் பெண்கள் சொல்லித்தான் நீரஜாவுக்குத் தெரிந்தது. புறப்பட்டுப் போனாள்.

"எனக்குன்னு புதுசா ஒண்ணுமே கெடையாது போலக்கா," என்றார் ஜவஹர், புடவையை மடித்துக்கொண்டே. "என்னையே நான் காப்பி அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். உங்க மெஷின் வந்துதான் தெரியுது."

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லது செய்யப்போய் இவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டோமே என்று இருந்தது. அவரை வற்புறுத்தி மாடிக்கு அழைத்துப் போய், பாதியில் நின்ற புதிய டிசைனையும் அதோடு ஒத்துப்போன பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொன்னாள்.

"மெஷின் எவ்வளவு பெரிய சதுரம் வரைக்கும் ஒண்ணா இருக்குன்னுதான் சொல்றது. எந்த இடத்துல பிரியறதுன்னும் அதுக்குத் தெரியும், ஜவஹர். கிளை பிரியற இடம்தான் அது. நான்தான் அதைத் திரையில காட்டச் சொல்லலை. தப்பு என்னோடது."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். ஒத்துப்போகிற சதுரம் சாம்பல் நிறமாக மங்கியது. அதைச் சுற்றி, இரண்டும் முதன்முதலாக வேறுபடுகிற முழங்கை சிவப்பாகத் தெரிந்தது. ஜவஹர் நாற்காலியை முன்னால் இழுத்தார். மாங்காயின் வயிறு ஒன்றுதான். காம்பு திரும்புகிற இடத்திலிருந்து பழையதும் புதியதும் வேறு வேறு வழியில் போயின. பழையதில் கொடி நெருக்கமாக, பயந்து பயந்து சுற்றியிருந்தது. புதியதில் தாராளமாக விட்டு ஓடியது.

"இந்த மாங்கா என்னைய விடாது போல," என்று சொல்லிச் சிரித்தார். "சரி, வயித்த மட்டும் அப்படியே விட்டுருவோம். காம்புலருந்து பாத்துக்கிடுறேன்." அன்றைக்கே அவர் மறுபடி வரைய உட்கார்ந்தார். அவள் படியிறங்கியபோது விடைகொடுக்கக்கூட நிமிரவில்லை.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று விதி. ஸ்ரீநாத் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஜவஹர் ஒரு பெரிய டின் நிறையக் கடலைமிட்டாயோடு கடைசி வரிசையில். பெங்களூரிலிருந்து வந்த பரிசோதகர் கடுமையான ஆள் என்று பேச்சு. நீரஜா முதல் சில நிமிஷம் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அப்போது எதேச்சையாக ஸ்ரீநாத்தைப் பார்த்தாள். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வீட்டில் அவள் ஒத்திகை பார்த்ததை அத்தனை தடவை கேட்டதில், அவருக்கு முழுப் பேச்சும் மனப்பாடம். ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல், அவளோடு கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஓர் இடத்தில் ஒரு வாக்கியத்தைத் தாண்டிவிட்டபோது அவர் முகம் பதறியது. அவள் திரும்பிப் போய் அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை.

கடைசியில், பார்வையாளர்கள் யாராவது கேட்க விரும்புகிறார்களா என்று வலியுல்லா சம்பிரதாயமாகக் கேட்டார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்ல கேக்கலாமுங்களா?" என்றார் ஜவஹர் எழுந்து. "மயிலு வலப்பக்கம் பாத்தா ஒண்ணு, இடப்பக்கம் பாத்தா வேறங்குது மெஷினு. கஸ்டமருக்கு ரெண்டும் ஒரே மயிலுதான். அதுக்கு என்ன வழிக்கா?"

பெங்களூர்க்காரர் வலியுல்லாவிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீரஜாவைப் பார்த்தார்.

"இப்போதைக்கு வழி இல்லை," என்றாள் நீரஜா. "எனக்குத் தெரியாது."

பரிசோதகர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார். பிறகு முதல் தடவையாகச் சிரித்து, அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார்.

அடுத்த வருஷம் வேறொரு நாட்டில், வேறு சிலர், வரிசை வரிசையாக வளரும் மரத்தை அவளைவிட வேகமாகக் கட்டும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வலியுல்லா ஜெராக்ஸைக் கொடுக்கும்போது இந்தத் தடவையும் தயங்கினார். நீரஜா நின்றபடியே படித்தாள். மூன்றாவது பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. தாங்கள் தொடங்கிய இடம் இவருடைய கட்டுரை என்று எழுதியிருந்தார்கள். ஸ்ரீநாத் அந்தப் பக்கத்தை மட்டும் தேனாம்பேட்டையில் பிரதி எடுத்து, ஆபீஸில் எல்லாருக்கும், காய்கறிக் கடைக்காரருக்கும்கூடக் கொடுத்தார். கடைக்காரர் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துத் தராசுக்கு அடியில் வைத்தார்.

அந்த சனிக்கிழமையே நீரஜா தி.நகருக்குப் போனாள். தன் புரோகிராமை எடுத்துவிட்டு, புது வழியில் எழுதியதைப் போட்டாள்.

"வருத்தமா இல்லியாக்கா?" என்றார் ஜவஹர்.

"எதுக்கு? இது எவ்வளவு சீக்கிரம் ஓடறது பாருங்கோ," என்றாள். திரையில் வரிசைகள் விழ விழ, அவள் கன்னத்தில் கைவைத்து, வாய் கொள்ளாத சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.